சத்தமா ஜெபம் பண்ற வீடு

...கண்ணை மூடிட்டு உக்காந்துடறாரும்மா, அவ்வளவுதான். ஒரு சத்தம் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்... அப்புறம் தானா ஒரு "ஆமென்". அதுக்கு நானும் ஆமென்னு சொல்லணுமாம்! எதுக்குன்னு சொல்றது? என்ன கேட்டாரு, யாருக்காகக் கேட்டாரு, என்னைப் பத்தி ஏதாவது போட்டுக் குடுத்தாரா, ஒண்ணும் தெரியாது. படிச்சுப் பாக்காத பத்திரத்துல கையெழுத்துப் போடற மாதிரி இருக்கும்மா எனக்கு.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... ம்ம், அப்படியே நில்லுங்க. அசையாதீங்க, கீழ சுத்தி குண்டூசி குத்திக்கிட்டிருக்கேன். இந்தக் கவுனை யாரும்மா வெட்டினது? வலது பக்கம் ஒண்ணரை இஞ்ச் இறங்கி நிக்குது. கேட்டா ஃபேஷன்னு சொல்லுவாங்க. கை கோணலா இருக்கறதுக்கெல்லாம் இப்ப அதான் பேரு.

யாரைச் சொல்றேன்னு கேக்கறீங்களா? வேற யாரு, எங்க வீட்டுக்காரரைத்தான். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆயுசுல பாதி நாள் லிஃப்ட் குழிக்குள்ள தனியா நின்னு வேலை பாத்த மனுஷன், பேசிப் பழக்கமே இல்ல. காலையில "காபி"ம்பாரு, போகும்போது "வர்றேன்"ம்பாரு. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு உக்காந்தாருன்னா வாயைத் திறப்பாரு. கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷம், அவரு மனசுல என்ன ஓடுதுன்னு நான் தெரிஞ்சுக்கிட்டதெல்லாம் அந்த ஏழு மணிக்குத்தான். "ஆண்டவரே, எங்க மேலதிகாரிக்கு நல்ல புத்தியைக் குடும்"னாருன்னா ஆபீஸ்ல சண்டை. "போக்கிலும் வரத்திலும் காத்தீரே"ன்னு குரல் கம்முச்சுன்னா வழியில வண்டி சறுக்கியிருக்கு. "இந்த வீட்டுக்குச் சமாதானத்தைத் தாரும்"னா, காலையில நான் திட்டினது இன்னும் உள்ள கிடந்து உறுத்துது. நேர்ல கேட்டா "ஒண்ணுமில்லையே"ம்பாரு. அதனால கேக்கறதில்ல. அவரு ஆண்டவர்கிட்ட சொல்லும்போது பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறது. எவ்வளவு சுலபம் பாருங்க!

அப்படிப்பட்ட மனுஷன் நாலு மாசமா மௌன ஜெபம். மௌனம்! எங்க வீட்டுல!

நானும் சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்த ஏழு மணி ரொம்ப உபகாரமா இருந்துச்சு. ஒரு தடவை சமையல்ரூம் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. மூணு வாரம். ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு வீட்டுக் குழாயைத் திருப்ப நேரமில்ல. நாலு தடவை சொன்னேன், ஐஞ்சு தடவை சொன்னேன்... அப்புறம் ஜெபத்துல சொன்னேன். "ஆண்டவரே, சொட்டுச் சொட்டா வீணாப் போற தண்ணியை நீர் காண்கிறீர். உமக்கு மறைவானது ஒண்ணும் இல்ல. பாக்க வேண்டியவங்க கண்ணையும் திறந்தருளும்." மறுநாள் நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வாஷர் மாத்தியாச்சு! ஜெபத்துக்குப் பலன் இல்லன்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்புங்கம்மா, நான் சொல்றேன்.

அதுலேர்ந்து எனக்கு நல்லாப் பழகிப் போச்சு. ஈரத்துண்டைக் கட்டில்மேல போடறவங்களுக்காக ஜெபிச்சேன். பரீட்சை நேரத்துல பந்து விளையாடப் போற பிள்ளைங்களுக்காக ஜெபிச்சேன். ஒரே பையன்தான், இருந்தாலும் "பிள்ளைங்க"ன்னு பொதுவாச் சொல்லுவேன், ஜெபத்துல ஆளைச் சுட்டக்கூடாது பாருங்க. பாஸ்டரே எங்கிட்ட சொல்லியிருக்காரு, "அம்மாவுக்கு ஜெப வரம் இருக்கு"ன்னு. அதாவது... "அம்மா ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாங்க"ன்னு சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானே.

கையைத் தூக்குங்க... இல்ல, ரெண்டு கையும். அக்குள்கிட்ட பிடிக்குதா? பிடிக்கும், பிடிக்கும். ஒரு விரக்கடை பிரிச்சு விடறேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், மருமக. மருமகளைப் பத்திச் சொல்லவே இல்லையே நான்! அவகிட்டதானே எல்லாம் ஆரம்பிச்சுது. ரெண்டரை வருஷம் முன்னாடி பையனுக்குக் கல்யாணம். மருமக கண்ணாடிக்கடையில வேலை பாக்கறா. கண் டெஸ்ட் பண்ணி பவர் சொல்லுவா. நல்ல பொண்ணு, நான் குறை சொல்லல. குறை சொல்ற ஆளா நான்? ஆனா ஜெபம் பண்ணத் தெரியாது. வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம், "நீ ஒரு வார்த்தை ஜெபம் பண்ணும்மா"ன்னேன். கண்ணை மூடினா. "ஆண்டவரே, இன்னைக்குக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தாரு. அவருக்கு வலது கண்ணுல பார்வை இனிமே வராது. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. வீட்டுக்குத் தனியாப் போயிருப்பாரு. கூட இருங்க. ஆமென்." முடிஞ்சு போச்சு! நான் அப்பத்தான் தலைமேல துணியைச் சரி பண்ணிட்டு முட்டி போட்டிருந்தேன். துதி இல்ல, ஸ்தோத்திரம் இல்ல, "ஜெபம் கேளும் நல்ல பிதாவே" இல்ல. "கூட இருங்க"ளாம்! பக்கத்து வீட்டு ஆள்கிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போற மாதிரி.

சரி, சின்னப் பொண்ணு, சொல்லிக் குடுப்போம்னு நினைச்சேன். நேரா சொன்னா மாமியார் கொடுமைம்பாங்க. அதனால ஜெபத்துல சொன்னேன். பாத்திரத்தை ஊறப் போட்டுட்டு மறந்து போறவங்களுக்காக, துணியைத் திருப்பிப் போடாம காயவைக்கறவங்களுக்காக, அப்புறம் லீவு நாள்ல ஒன்பது மணி வரைக்கும் தூங்கறவங்களை ஆண்டவர் தட்டி எழுப்பணும்னு. அன்னைக்கு ஜெபம் முடிஞ்சதும் அவ எங்கிட்ட வந்து, ரொம்பக் கரிசனமா, "யாரு அத்தை அவ்வளவு நேரம் தூங்கறாங்க? உடம்பு சரியில்லையா அவங்களுக்கு? நானும் ஜெபத்துல சேத்துக்கறேன்"ன்னா. முகத்துல ஒரு சுளிப்பு இல்லம்மா! நிஜமாத்தான் கேக்கறாளா, என்னைக் கிண்டல் பண்றாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்காரரு இருமிக்கிட்டே வெளியில போயிட்டாரு. அது இருமல் இல்ல, எனக்குத் தெரியாதா.

சிரிக்காதீங்க, இடுப்பு நகருது. குண்டூசி குத்தினா என்னைச் சொல்லக்கூடாது.

அப்படி ரெண்டு வருஷம் ஓடிச்சு. சண்டைன்னு ஒண்ணு வந்ததில்ல. அவ என்னை "அத்தை, அத்தை"ம்பா. நான் "என்னம்மா"ம்பேன். ஆனா உள்ள வர மாட்டா, புரியுதா? வாசல்ல நிக்கற மாதிரியே இருப்பா. எனக்குப் பொண்ணு கிடையாது. ஒரு பொண்ணு வந்தா பக்கத்துல உக்காந்து ஏதாவது சொல்லுவா, தலை வாரச் சொல்லுவான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்... அதை விடுங்க.

அந்தத் திங்கக்கிழமை மத்தியானம். இந்தக் கடையிலதான், இதே இடத்துல. நான் ஒரு கோட்டுக்கு லைனிங் பிரிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு வந்து நிக்கிறா. வேலை நேரத்துல வர மாட்டாளேன்னு பாத்தா முகம் வெளுத்துக் கிடக்கு. அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாடி என்னைக் கூட்டிட்டுப் போனா, துணி போட்டுப் பாப்பாங்களே, அந்த இடம். என் கையைப் பிடிச்சு... இந்தக் கையை... மாருல ஒரு இடத்துல வெச்சா. "தெரியுதா அத்தை?"ன்னா. தெரிஞ்சுது. சுண்டைக்காய் அளவு. என் விரலுக்கு நூல் கனம் தெரியும், துணிக்குள்ள ஒரு முடிச்சு இருந்தா தெரியும். அது தெரியாதா?

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்தி எடுத்திருக்காங்க. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. பையனுக்குச் சொல்லல. அவனுக்கு வியாழக்கிழமை பிரமோஷன் பரீட்சை. ரெண்டு தடவை எழுதி ஃபெயில் ஆனது, இதுதான் கடைசி. "அவருக்கு வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கறேன் அத்தை. எங்க அம்மாவுக்குக் கூட சொல்லல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க மட்டும் ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னா. அப்புறம் என் தோள்ல தலையை வெச்சுக்கிட்டா. ரெண்டு வருஷத்துல முதல் தடவை. என் பிளவுஸ் இங்க ஈரமாயிடுச்சு.

நான் பொய் சொல்லலம்மா, எனக்குப் பயமாவும் இருந்துச்சு, இன்னொரு பக்கம்... எப்படிச் சொல்றது... சந்தோஷமாவும் இருந்துச்சு. அவ அம்மாவுக்குச் சொல்லல, புருஷனுக்குச் சொல்லல, எங்கிட்ட சொன்னா! அன்னைக்கு முழுக்க மெஷினை மிதிக்கும்போது கால் தரையில பாவல. கட்டியை நினைச்சா தையல் கோணிப் போகுது, எங்கிட்ட சொன்னதை நினைச்சா நெஞ்சு நிமிருது. மனுஷ புத்தி பாருங்க.

திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு. வாயைத் திறக்கலையே! சாயங்கால ஜெபத்துல கூட "வியாதியஸ்தர்களை நினைத்தருளும்"னு பொதுவா ஒரு வரி, அவ்வளவுதான். அதுக்கே நான் எவ்வளவு பாடுபட்டேன்னு ஆண்டவருக்குத் தெரியும்.

புதன்கிழமை எங்க வீட்டுல ஜெபக்கூட்டம். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு வீடு, அந்த மாசம் எங்க முறை. பாஸ்டரையும் சேத்துப் பதினாலு பேரு வந்தாங்க. சோஃபாவை நகத்திட்டுப் பாய் விரிச்சோம். முதல்ல ஸ்தோத்திரம் மாமா ஆரம்பிச்சாரு. அவரு பேரு அது இல்ல, மூணு வார்த்தைக்கு ஒரு ஸ்தோத்திரம் போடுவாரு, அதனால அந்தப் பேரு. அவரோட சர்க்கரை அளவு, அவரு பையனோட வேலை, அவரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் தகராறு, எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட தேதி வாரியாச் சொன்னாரு. கால் மணி நேரம். அடுத்தது பேக்கரிக்கார அம்மா. அந்த அம்மா ஜெபம் பண்ணா அழுகை வந்துடும், அவங்களுக்கும் வரும், கேக்கறவங்களுக்கும் வரும். எனக்கு... உண்மையைச் சொல்லிடறேன்... எனக்குப் பொறாமை உண்டு. என்னோட ஜெபத்துக்கு யாரும் அழுததே கிடையாது. நீளமா இருக்கும், நல்ல நல்ல வார்த்தையா இருக்கும், ஆனா நடுவுல யாராவது வாட்சைப் பாப்பாங்க. கண்ணை மூடியிருந்தாலும் தெரியும் எனக்கு.

"வீட்டுக்கார அம்மா ஜெபிச்சு முடிங்க"ன்னாரு பாஸ்டர்.

ஆரம்பிச்சேன். உலக சமாதானம், தலைவர்கள், சபை, வயசானவங்க... வழக்கமாப் போற பாதைதான். அப்புறம் வியாதியஸ்தர்கள்னு வந்துச்சு. அங்க வந்ததும் அந்தச் சுண்டைக்காய் என் விரல்ல உருளுது. அவ எனக்கு ரெண்டு ஆள் தள்ளி உக்காந்திருக்கா. பையன் அவ பக்கத்துல. நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு ஆமென் போட்டிருந்தா முடிஞ்சுது. ஆனா வாய் போயிடுச்சும்மா. "ஆண்டவரே, இந்த வீட்டுல விளக்கேத்த வந்த பிள்ளை ஒருத்தி, மாருல கட்டியோட உம்முடைய சமுகத்துல உக்காந்திருக்கா. கட்டின புருஷனுக்கும் சொல்லாம, பெத்த தாய்க்கும் சொல்லாம எங்கிட்ட வந்து அழுதாளே ஆண்டவரே! வெள்ளிக்கிழமை வரப்போற ரிப்போர்ட் உம்முடைய கரத்துல இருக்கு..." இன்னும் என்னென்னமோ சொன்னேன். ஜெபம் அருவி மாதிரி கொட்டுது. பேக்கரிக்கார அம்மா விசும்பறாங்க! ஸ்தோத்திரம் மாமாவுக்கே ஸ்தோத்திரம் வரல, "ஐயோ"ன்னாரு. முடிச்சேன். பதினாலு பேரும் சேந்து ஒரு ஆமென் சொன்னாங்க பாருங்க... அப்படி ஒரு ஆமென் என் ஆயுசுல எனக்கு விழுந்ததில்ல.

கண்ணைத் திறந்தேன். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டிருக்காங்க, பையன் மட்டும் திறந்திருந்தான். பொண்டாட்டியையே பாத்துக்கிட்டிருந்தான். அவ இன்னும் கண்ணைத் திறக்கல. ஜெபம் பண்றான்னு நினைச்சேன். இல்லம்மா. திறக்க முடியாம உக்காந்திருந்தா.

அதுக்கப்புறம் கேக்கணுமா? எல்லாரும் எழுந்து வந்து அவளைச் சுத்தி நின்னு தலையில கை வைக்கறாங்க, தோள்ல கை வைக்கறாங்க. "எந்தப் பக்கம்மா, வலதா இடதா?"ன்னு ஒருத்தங்க. பேக்கரிக்கார அம்மா, பாவம், ஆறுதல் சொல்றேன்னு அவங்க அக்காவுக்கு இதே மாதிரி வந்த கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நடுவுலதான் அவங்களுக்கே ஞாபகம் வந்துச்சு, அந்த அக்கா நாலு மாசத்துல போய்ச் சேந்துட்டாங்கன்னு. கதையைப் பாதியில நிறுத்திட்டு "தைரியமா இரும்மா"ன்னாங்க. நான் எல்லாருக்கும் டீ குடுத்தேன்.

பையன் வியாழக்கிழமை பரீட்சைக்குப் போகல. "போய் எழுதிட்டு வாங்க"ன்னு அவளே சொன்னா, நானும் சொன்னேன். போகல. ரெண்டு பேரும் ரூமுக்குள்ளயே இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு என்னைப் பாக்கவே இல்ல. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து வெச்சுக்கிட்டு, நல்லா ஓடிக்கிட்டிருக்கற கடிகாரத்தைக் கழட்டினாரு.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்துச்சு. ஒண்ணுமில்ல. சாதாரணக் கட்டி, கொழுப்பு சேந்தது, பயப்பட வேண்டியதே இல்லன்னுட்டாங்க!

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? துள்ளிக் குதிச்சேன். பதினாலு பேருக்கும் போன் போட்டேன். "ஜெபம் கேக்கப்பட்டுச்சு"ன்னேன். அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "ஞாயித்துக்கிழமை நீ எழுந்து நின்னு சாட்சி சொல்லணும்மா"ன்னேன். அவ என் கையை மெதுவா எடுத்து விட்டா. கோபமே இல்ல குரல்ல. "அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டு யார்கிட்ட அத்தை பேசுனீங்க?"ன்னு கேட்டா.

என்ன கேள்வி இது? ஜெபத்துல யார்கிட்ட பேசுவாங்க? "ஆண்டவர்கிட்டதான்"ன்னேன். "ஓ"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. "ஓ"ன்னு.

மூணு வாரத்துல வேற வீடு பாத்துப் போயிட்டாங்க. கண்ணாடிக்கடைக்குப் பக்கமாம், நடந்தே போயிடலாமாம். எல்லாருக்கும் அதைத்தான் சொன்னாங்க, நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். பையன் ஞாயித்துக்கிழமை வருவான், ஒரு மணி நேரம் இருப்பான், அப்பாவோட உக்காந்து எதையாவது ரிப்பேர் பண்ணுவான், போயிடுவான். அவ வர மாட்டா. "வேலை அத்தை"ம்பா போன்ல. பாஸ்டர் ஒரு நாள் வந்து, "இனிமே யாருக்காகவாவது பேரு சொல்லி ஜெபிக்கணும்னா அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கம்மா"ன்னாரு. நான் எங்க பேரு சொன்னேன்? "பிள்ளை ஒருத்தி"ன்னுதானே சொன்னேன்!

அவதானேம்மா ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னா? சொன்னாளா இல்லையா? எங்க பண்ணணும், எத்தனை பேரு முன்னாடி பண்ணணும்னு எங்கிட்ட சொல்லலையே... சரி, "நீங்க மட்டும்"னு சொன்னா. சொன்னாதான்.

கொஞ்சம் இருங்க, சாக்பீஸ் உடைஞ்சு போச்சு.

அவங்க சாமானை ஏத்திக்கிட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம்தான் இவரு மௌனத்தை ஆரம்பிச்சாரு. முதல் நாள், துக்கம், விட்டுடுவோம்னு நினைச்சேன். ஒரு வாரம் ஆச்சு. "ஏங்க, வாயைத் திறந்து ஜெபம் பண்ணக்கூடாதா?"ன்னேன். அதுக்கு மனுஷன், "நான் பேசறது நீ கேக்கறதுக்கில்ல"ன்னாரு. முப்பத்திரண்டு வருஷத்துல என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதையும் சாந்தமாச் சொல்றாரு! கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன்.

அப்ப நானும் மௌனமாவே பண்றேன்னு வீம்புக்கு உக்காந்தேன். கண்ணை மூடினேன். "ஆண்டவரே"ன்னு மனசுக்குள்ள சொன்னேன். அடுத்தது என்ன? ஒண்ணும் வரல! நம்பமாட்டீங்க. ஒரு மணி நேரம் மூச்சு விடாம ஜெபிக்கறவ நான். உள்ள ஒரே இருட்டு. அப்புறம் மெல்ல வந்துச்சு... "மின்விசிறியில ஒட்டடை தொங்கறதை நீர் காண்கிறீர்"னு. ஆண்டவருக்கு எதுக்கும்மா எங்க வீட்டு ஒட்டடை? அது இவருக்குப் போக வேண்டிய சேதி. அதை வெட்டிட்டு வேற யோசிச்சேன். "பெத்தவங்களைத் தனியா விட்டுட்டுப் போற பிள்ளைங்களுக்கு"ன்னு ஆரம்பிச்சுது. அது பையனுக்கு. அதையும் வெட்டினேன். எதை எடுத்தாலும் மேல ஒரு விலாசம் எழுதியிருக்கு, யாரோ பக்கத்துல உக்காந்து கேக்கணும். கேக்க ஆள் இல்லன்னா எனக்குச் சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல. அப்படியே உக்காந்திருந்தேன். இவரு ஆமென்னாரு. நானும் ஆமென்னேன். வெறும் கவரை ஒட்டி தபால்பெட்டியில போட்ட மாதிரி இருந்துச்சு. இப்படியே நாலு மாசம்.

முந்தாநாள்தான்... முந்தாநாள் சாயங்காலம் காலிங் பெல். இவரு போய்த் திறந்தாரு. மருமக. கையில வீட்டுச் சாவி. பழைய சாவிக்கொத்துல எங்க வீட்டுச் சாவி ஒண்ணு தங்கிப் போச்சாம், குடுத்துட்டுப் போகலாம்னு வந்தாளாம். நாலு மாசமா இல்லாத அவசரம் அந்தச் சாவிக்கு. மணி சரியா ஏழு. இவரு ஒண்ணும் சொல்லாம இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாரு. அவளும் உக்காந்தா.

மூணு பேரும் கண்ணை மூடினோம். இவரு மௌனம், அவளும் மௌனம். எனக்கு வாய் வரைக்கும் வருதும்மா. "ஆண்டவரே, என்னை மன்னியும், ஒரு பிள்ளை மனசைப் புண்படுத்திட்டேன்"னு சத்தமாச் சொல்லணும் போல இருக்கு. நல்ல ஜெபம்தானே? தப்பான வார்த்தை ஏதாவது இருக்கா அதுல? ஆனா பாருங்க, அதுவும் அவ காதுல விழறதுக்குத்தான். ஆண்டவரைச் சாட்சிக்கு நிக்க வெச்சுக்கிட்டு அவகிட்ட பேசறது. மறுபடியும் அதே வேலை.

கண்ணைத் திறந்துட்டேன். ஜெபத்துக்கு நடுவுல! என் வாழ்நாள்ல பண்ணதில்ல. அவளைப் பாத்து, "தப்புப் பண்ணிட்டேன்மா"ன்னேன். அவளும் கண்ணைத் திறந்தா. "உன் பேச்சை உங்கிட்ட கேக்காம எடுத்து எல்லாருக்கும் பங்கு போட்டுட்டேன். எங்கிட்ட வந்து சொன்னியேன்னு பெருமை தாங்கல எனக்கு. அவங்க எல்லாரும் அழணும்னுதான் அப்படிச் சொன்னேன்"ன்னேன். துதி இல்ல, ஒண்ணுமில்ல, கொச்சையா வந்து விழுந்துச்சு. ஈரத்துண்டுக்கே ஆண்டவரைத் தூது அனுப்பினவ... மூஞ்சிக்கு நேரா பேசிப் பழக்கமே இல்ல.

பரவாயில்லன்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. "எனக்கு அன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு அத்தை"ன்னா. "தெரியும்மா"ன்னேன். "தெரியாது"ன்னா. சரின்னேன். இவரு அந்தப் பக்கம் இன்னும் கண்ணை மூடிக்கிட்டே உக்காந்திருக்காரு, தூக்கமா ஜெபமா தெரியல, ஆனா கன்னத்துல கோடா ஈரம்.

அப்புறம் அவ போகும்போது வாசல் வரைக்கும் போனேன். செருப்பைப் போட்டுக்கிட்டே இருந்தவ நிமிர்ந்து, "அத்தை, ஒரு விஷயம். அவருக்குத் தெரியும், முதல்ல அவருகிட்டதான் சொன்னேன். மாமாகிட்ட ஞாயித்துக்கிழமை அவரே வந்து சொல்லுவாரு. அது வரைக்கும்..."னு இழுத்தா. நான், "கூட்டத்துல சொல்லமாட்டேன், ஜெபத்துல சொல்லமாட்டேன், மாமாகிட்டயும் சொல்லமாட்டேன்"ன்னேன். என் காதுக்கிட்ட வந்து சொன்னா. சொல்லிட்டு என் கையை ஒரு தடவை அழுத்திட்டுப் போயிட்டா.

...

என்ன சொன்னாளா? இல்லம்மா... அது...

இவ்வளவு நேரம் நீங்க பெருசா ஒரு கேள்வி கேக்கல, இதை மட்டும் கரெக்டாக் கேக்கறீங்க பாருங்க! நல்ல விஷயமான்னா? அதையும் சொல்லமாட்டேன். நல்லதுன்னு சொன்னா அடுத்த கேள்வி கேப்பீங்க. அதுக்கு நான் தலையை ஆட்டுவேன். மூணாவது கேள்விக்கு எல்லாத்தையும் கொட்டிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து இவரு என்னை ஒரு மாதிரி பாக்கறாரு. "வாசல்ல என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"ன்னாரு. "ஒண்ணுமில்லையே"ன்னேன். நான்! அவரு வசனத்தை நான் சொல்றேன். முப்பத்திரண்டு வருஷத்துல அவருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு எங்கிட்ட ரெண்டு நாள் தங்கினதில்ல. பேக்கரியில நேத்து ரொட்டி வாங்கப் போய், அந்த அம்மா "மருமக எப்படி இருக்கா?"ன்னு கேட்டதுக்கு, ரொட்டியையே மறந்துட்டு ஓடி வந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில கடையைத் திறந்தேன். மெஷின் உறையை எடுத்தேன். யாரும் வரல. தாங்க முடியாம அப்படியே பெடல்மேல காலை வெச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டேன். "ஆண்டவரே, உமக்கு ஒரு சேதி தெரியுமா?"ன்னேன். அவருக்குத் தெரியாதா என்ன... இருந்தாலும் சொன்னேன். அவ என் காதுல சொன்ன மாதிரியே சொன்னேன், வாயைத் திறக்காம. சொல்லி முடிச்சுட்டு, அவளுக்குப் பயமா இருக்கும், கூட இருங்கன்னேன். ஆமாம்மா, அப்படித்தான் வந்துச்சு, கூட இருங்கன்னு. எவ்வளவு நேரம் பேசினேன்னு தெரியல. நிமிர்ந்து பாத்தா வாசல்ல நீங்க இந்தக் கவுனைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறீங்க. நான் தூங்கறேன்னு நினைச்சிருப்பீங்க.

சரி, இறங்குங்க, பாத்து. திரைக்குப் பின்னாடி போய் மாத்திக்கோங்க. செவ்வாய்க்கிழமை வாங்க, தயாரா இருக்கும்.

இல்லம்மா... ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வந்தாலும் நான் சொல்லமாட்டேன். அவங்களே சொல்லட்டும்.